பின்வரிசைக் கைதட்டல்

நான் அந்த வீட்டு மாடியில் குடியேறிய முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம், என் தரைக்குக் கீழே ஒரு பெருங்கூட்டம் கைதட்டியது. தட்டி ஓய்ந்ததும் யாரோ இருமினார். பிறகு வயலின்கள் தொடங்கின. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கைதட்டல், அதே இருமல், அதே வயலின். அது திரும்பத் திரும்ப நடக்கவே, பொறுக்க முடியாமல் படியிறங்கிப் போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். சண்டை போடத்தான் போனேன்.

கதவைத் திறந்த பெண்மணி என்னைப் பேசவே விடவில்லை.

"மாடிப் பொண்ணுதானே? மேல உனக்கு எது ஜாஸ்தியா கேக்குது, டிரம்ஸா, கைதட்டலா?"

"கைதட்டல்தான்," என்றேன்.

"நெனச்சேன். இந்தத் தட்டுல பின்னாடி ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி வெச்சிருக்காங்க. உள்ள வா, டீ குடிக்கலாம்."

அப்படித்தான் அக்கா எனக்குப் பழக்கமானார். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவருக்கு வேலை. சட்டத்துக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவார். காதோரம் உறுத்துகிறது என்று வருபவர்களுக்குக் கம்பியை வளைத்துக் கொடுப்பார். அவர் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவரை நான் மாமா என்று கூப்பிட ஆரம்பித்தேன். கல்லூரிக்குப் போகும் ஒரே மகள். மூன்று பேருக்குத் தாராளமான வீடுதான், ஆனால் அதன் பெரிய அறையை ஸ்பீக்கர்கள் பிடித்துக்கொண்டிருந்தன. முன்பக்கம் மூன்று, பின்பக்கம் இரண்டு, மூலையில் குட்டையாக, அகலமாக ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு வீட்டில் வைத்திருந்த பெயர் பெரியப்பா. அது தொண்டையைச் செருமினால் ஜன்னல் அதிரும்.

அக்கா அதில் கேட்பதெல்லாம் பழைய கச்சேரிகள். எப்போதோ ஓர் அரங்கத்தில் நாடாவில் பதிவானதை எடுத்து, இரைச்சலை நீக்கி, பாட்டையும் வாத்தியங்களையும் கூட்டத்தின் சத்தத்தையும் பிரித்து அடுக்கி, கேட்பவரைச் சுற்றி ஒலிக்கும் சரவுண்ட் முறையில் புதிய இசைத்தட்டாக வெளியிடுவார்கள். அட்டையில் ரீமாஸ்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதில் எது உண்மையிலேயே அரங்கத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது, எது வெறும் வாய்ச்சவடால் என்று அக்கா ஓர் இசைப் பத்திரிகையில் மாதாமாதம் எழுதிவந்தார். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள் என்று தெரிந்ததும், எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லித் தன் கட்டுரைகளை என்னிடம் தர ஆரம்பித்தார். 'இந்தத் தட்டில் டிரம்ஸ் வாசிப்பவர் என் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு டீ போட்டுத் தர வேண்டுமா என்று கம்பெனிக்காரர்கள் சொன்னால் நல்லது' என்பது போன்ற வாக்கியங்களைப் படித்துவிட்டு அச்சகத்தில் தனியாகச் சிரித்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டுத் தட்டு வாங்குபவர்களும் உண்டு, வாங்காமல் தப்பித்தவர்களும் உண்டு.

பிறகு அக்காவின் வலது காது போயிற்று.

விபத்து ஒன்றும் இல்லை, வலியும் இல்லை. காலையில் எழுந்து பல் தேய்க்கும்போது குழாய்த் தண்ணீர் சத்தம் என்னவோ போல இருந்ததாம். டாக்டர் பரிசோதித்துவிட்டு, சிலருக்கு இப்படித் திடீரென்று ஆவதுண்டு, காரணம் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உடனே ஊசியும் போட்டார், மாத்திரையும் கொடுத்தார். காது திரும்பவில்லை.

ஒரு காது போனால் பாதிச் சத்தம் போகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். போனது திசை. அக்காவுக்கு உலகமே இடது பக்கம் வந்து நின்றுகொண்டது. மாமா குளியலறையிலிருந்து துண்டு கேட்டால் அக்கா வாசலுக்குப் போனார். பின்னால் மணியடித்துக்கொண்டு வந்த சைக்கிளுக்கு வழிவிடுவதாக நினைத்து நேரே அதன் குறுக்கே போய் நின்று, ஓட்டியவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். இசையைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிரிப்பு வராது.

"எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி இந்தப் பக்கம் போட்ட மாதிரி இருக்கு," என்று இடது காதைத் தொட்டுக் காட்டினார். "யார் எங்க உக்காந்து வாசிக்கறாங்கன்னே தெரியல. தெரியாம நான் என்னத்தை எழுத?"

பத்திரிகை வேலையைக் கொழுந்தனாரிடம் கொடுத்துவிட்டார். மாமாவின் தம்பி அவர். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. சட்டைப் பொத்தானிலிருந்து பேச்சு வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். சரவுண்ட் கேட்கும் பைத்தியம் அவருக்குப் பிடித்ததே அண்ணியிடமிருந்துதான். அவர் எழுதிய கட்டுரைகளில் பிழையே இருக்காது. சிரிப்பும் இருக்காது.

அக்கா ஸ்பீக்கர்கள் மேல் பழைய படுக்கை விரிப்புகளைப் போட்டு மூடிவிட்டார். மகள் கல்லூரியிலிருந்து வந்து தன் பையைப் பெரியப்பா மேல் வைத்தாள். முன்பென்றால் அதற்கு ஒரு பெரிய சண்டை நடந்திருக்கும். அன்று அக்கா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மகளே பையை அங்கே வைப்பதை நிறுத்திவிட்டாள்.

இப்படிச் சில மாதங்கள் போயின. ஒருநாள் சாயங்காலம் நான் கீழே போயிருந்தபோது மகளின் போன் காணாமல் போயிற்று. என் போனிலிருந்து அடித்துப் பார்த்தோம். வீட்டுக்குள் எங்கேயோ மெலிதாக மணி கேட்டது. மகள் படுக்கையறைக்கு ஓடினாள். மாமா சோபாவின் அடியில் தலையை விட்டார். நான் சமையலறையில் தேடினேன். அக்கா மட்டும் நடுக்கூடத்தில் நின்று, தானியத்தை நோட்டம்விடும் கோழி மாதிரி தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். பிறகு நேராக வாசலுக்குப் போய், செருப்பு வைக்கும் அலமாரியிலிருந்து ஒரு ஷூவை எடுத்தார். போன் அதற்குள் கிடந்தது.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்றாள் மகள்.

"தெரியல. தலையைத் திருப்பும்போது ஒரு இடத்துல சத்தம் பெருசாச்சு, ஒரு இடத்துல சின்னதாச்சு. பெருசான பக்கம் போனேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அக்கா ஷூவைக் கையில் பிடித்தபடியே நின்றார். தான் சொன்னது அவர் மண்டையில் இறங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. ஷூவைக் கீழே வைத்தார். பெரிய அறைக்குப் போய் ஸ்பீக்கர்கள் மேலிருந்த விரிப்புகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டார்.

மாமா அந்த வாரமே ஒரு சுழல் நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் லிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த கட்டடத்தில் ஓர் அலுவலகம் காலியாகி, வேண்டாம் என்று ஒதுக்கியதாம். சுற்றினால் கதறியது. மாமா அதைக் கழற்றிப் பரப்பி, துடைத்து, லிஃப்டுக்குப் போடும் கிரீஸைப் போட்டு மாட்டினார்.

"இப்ப சுத்திப் பாரு. சுத்தறது நாற்காலிக்கே தெரியாது," என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்தை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள். அக்கா கண்ணை மூடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மகள் வெறுங்காலோடு பூனை மாதிரி நடந்து, அறையின் ஏதாவது ஒரு மூலையில் நின்று டம்ளரில் ஸ்பூனால் தட்டுவாள். அக்கா மெதுவாகச் சுற்றி, நின்று, கையை நீட்டுவார். ஆரம்பத்தில் அந்தக் கை பெரும்பாலும் டீ குடித்துக்கொண்டிருந்த மாமாவைத்தான் காட்டியது.

"நான் டீ உறியற சத்தம்கூடக் கேக்குது பாரு. அதுவே பெரிய முன்னேற்றம்," என்பார் மாமா.

"உறியாம குடிங்கப்பா," என்பாள் மகள்.

சில நாள் கை சரியாகப் போகும். மறுநாள் ஒன்றும் பிடிபடாது. எரிச்சலில் எழுந்து போய்த் துணி மடிக்க உட்கார்ந்துவிடுவார். துணி மடிக்கும்போதும் தலை மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கும். கடையில் வாடிக்கையாளர் யார் எந்தப் பக்கம் நின்று பேசுகிறார் என்று பார்க்காமலே கண்டுபிடித்துப் பழகினார். பேருந்து எந்தப் பக்கம் வருகிறது, மாடியில் நான் எந்த அறையில் நடக்கிறேன் என்று எல்லாவற்றிலும் அதே பயிற்சிதான். மகளும் விடவில்லை. சோபாவின் பின்னால் படுத்துக்கொண்டு தட்டினாள், கதவிடுக்கில் நின்று தட்டினாள். ஒருநாள் மகள் தட்டியதும் அக்கா கண்ணைத் திறக்காமலே, "ஸ்டூல் மேல ஏன் ஏறினே? கால் ஆடுது, இறங்கு," என்றார். மகள் ஸ்டூல் மேலிருந்து குதித்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நாற்காலி இருவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது.

பிறகுதான் தட்டுகளைப் போட்டுக் கேட்க ஆரம்பித்தார். "பழைய மாதிரி இல்ல," என்று என்னிடம் சொன்னார். "முன்னெல்லாம் உக்காந்தா போதும், அரங்கம் தானா வந்து சுத்தி நிக்கும். இப்ப நான் எழுந்து தேடிப் போகணும். ஆனா போனா கெடைக்குது."

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தனார் ஒரு சோதனைத் தட்டோடு வந்தார். ஒரு பாடகி பெரிய வாத்தியக் குழுவோடு நடத்திய கடைசிக் கச்சேரி அது; பல வருஷங்களுக்கு முன் பதிவானது. அதை ரீமாஸ்டர் செய்த கம்பெனி, கடைக்கு அனுப்புமுன் சில பத்திரிகைகளுக்கு அனுப்பி, வீட்டில் போட்டுக் கேட்டு எப்படியிருக்கிறது என்று சொல்லச் சொல்லியிருந்தது.

"அண்ணி, இதை உங்க ரூம்ல கேட்டாத்தான் சரியா இருக்கும். நீங்களும் உக்காருங்க," என்றார்.

ஞாயிறு மதியம் எல்லோரும் கூடினோம். நட்டநடுவில் இருந்த நல்ல நாற்காலியைக் கொழுந்தனாருக்குக் கொடுத்துவிட்டு அக்கா தன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். பாடகி தொடங்கினார். எனக்கு இசையில் அரிச்சுவடிகூடத் தெரியாது, இருந்தும் மயிர்க்கூச்செறிந்தது. பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோது அது நாலா பக்கமும் வந்து எங்களை மூடியது. கொழுந்தனார் கண்ணைத் திறக்காமலே, "பிரமாதம்," என்றார்.

அக்கா சுற்றிக்கொண்டிருந்தார். பின்னால் திரும்பினார், நின்றார், முன்னால் திரும்பினார். "அந்தக் கைதட்டலை மறுபடி போடு," என்று மகளிடம் சொன்னார். போட்டாள். அக்கா எழுந்துபோய்ப் பின் ஸ்பீக்கரிடம் குனிந்து இடது காதை வைத்தார். பிறகு முன் ஸ்பீக்கருக்கு நடந்தார். மறுபடி பின்னால் வந்தார்.

கொழுந்தனாருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, இது நடந்துகிட்டே கேக்கற விஷயம் இல்ல. நடுவுல உக்காந்து கேக்கறதுக்குத்தான் செஞ்சிருக்காங்க."

"உக்காந்துதான் நீங்க எல்லாரும் ஏமாந்துட்டீங்க. பின்னாடி ஆளே இல்ல."

"ஆள் இல்லையா? இவ்வளவு கைதட்டல் கேக்குதே அண்ணி." அவர் கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நிலைமையில இதையெல்லாம் சரியா சொல்ல முடியுமா?"

மாமா தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அக்காவின் முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"உங்களுக்கு ரெண்டு காது இருக்கு தம்பி. முன்னாடி வர்றதும் பின்னாடி வர்றதும் சேர்ந்ததும் அது தானா ஒரு அரங்கத்தைக் கட்டிக் குடுத்துடுது. எனக்குக் கட்டிக் குடுக்க ஆள் இல்ல. நான் செங்கல் செங்கல்லா எடுத்துப் பாக்கணும். பாத்துட்டேன். முன்னாடி இருக்கற அதே செங்கல்தான் பின்னாடியும் இருக்கு." கணவர் பக்கம் திரும்பினார். "முன்னாடி ஸ்பீக்கர் வயரைக் கழட்டுங்க."

மாமா பையிலிருந்து திருப்புளியை எடுத்து வயர்களைக் கழற்றினார். இப்போது பின்பக்கம் மட்டும் பாடியது. கைதட்டலின் நடுவே யாரோ வாயில் விரல் வைத்து விசிலடித்தார். நீளமான விசில், கடைசியில் மூச்சு போதாமல் உடைந்து, ஒரு சின்னக் கீச்சோடு நின்றது. மாமா அந்த வயர்களைக் கழற்றி முன்பக்கத்தை மாட்டினார். மகள் அதே இடத்தைப் போட்டாள். கைதட்டல் வந்தது. விசில் வந்தது. அதே நீளம், அதே உடைசல், அதே கீச்சு.

"ஒரே ஆள் மேடைக்குக் கீழயும் கடைசி வரிசையிலயும் எப்படி உக்காருவான்?" என்றார் அக்கா. "முன்னாடி சத்தத்தையே எடுத்து, இம்மி தாமதமாக்கி பின்னாடி விட்டிருக்காங்க. பின்வரிசை மொத்தமும் பொய்."

கொழுந்தனார் மறுபடி போடச் சொன்னார். இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் வர்றதுக்கு முன்னாடி வீட்டுலயே இதைக் கொஞ்சம் கேட்டுட்டு, மனசுக்குள்ள முழு மார்க் போட்டுட்டேன் அண்ணி."

"அழிச்சுடுங்க."

எல்லாருக்கும் முன்னால் சிரித்தவர் கொழுந்தனார்தான். அந்த ஒழுங்கான மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடித்ததும், "பத்திரிகைல அந்தப் பக்கத்தை இனிமே நீங்களே எழுதுங்க. நான் பின்னாடி உக்காந்து கைதட்டறேன்," என்றார்.

"நிஜமா தட்டணும்," என்றார் அக்கா.

அக்கா எழுதிய கட்டுரை அச்சுக்குப் போகுமுன் அதன் நகலைப் பத்திரிகைக்காரர்கள் கம்பெனிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அக்காவுக்கு ஒரு போன் வந்தது. சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்து மாமா ஸ்பீக்கரில் போடச் சொன்னார். அந்தப் பக்கம் பேசியவர் ஒலிப் பொறியாளர். அந்தத் தட்டைச் செய்தவரே அவர்தான்.

"நீங்க எழுதினது சரிம்மா," என்றார் எடுத்த எடுப்பில். "அரங்கத்துக்குப் பின்னாடி தொங்கவிட்ட மைக்ல பதிவான நாடா தனியா இருக்கு. ஈரத்துல பிசுபிசுன்னு ஒட்டிப் போச்சு. சரி பண்ணலாம், ஆனா நாளாகும். வெளியீட்டுத் தேதி நெருங்குது, பின்னாடி வர்ற கைதட்டல் யாருக்குத் தெரியப்போகுதுன்னு மேல கேட்டாங்க. எங்கிட்ட பதில் இல்ல. இப்ப உங்க கட்டுரையை அவங்க மேஜையில வெச்சுட்டு வந்துட்டேன்."

"அப்ப நாடா இருக்கா?" என்றுதான் அக்கா கேட்டார்.

"இருக்கு. ஒண்ணு சொல்லுங்கம்மா. எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டினேன், ஒருத்தரும் கண்டுபிடிக்கல. நீங்க எப்படி?"

"எனக்கு ஒரு காதுதான்."

"இனிமே நானும் ஒரு காதைப் பொத்திக்கிட்டு கேட்டுப் பாக்கறேன்," என்றார் பொறியாளர்.

"பொத்தினா மட்டும் போதாது. சுத்தணும். உங்ககிட்ட சுழல் நாற்காலி இருக்கா?"

வெளியீடு தள்ளிப்போயிற்று. அந்த நாடாவை இளஞ்சூட்டில் வைத்து ஈரத்தை இழுத்து, கிழியாமல் ஓடவிட்டுப் பதிவு செய்ய நாள் பிடித்தது. முடிந்ததும் பொறியாளர் தட்டைத் தபாலில் அனுப்பாமல் தானே கொண்டுவந்தார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர் போலச் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

முதல் பாட்டு முடிந்தது. இம்முறை கைதட்டல் எங்களை ஒரேயடியாக வந்து மூடவில்லை. முன்வரிசையில் சிலர் தொடங்கினார்கள். அது பரவிப் பரவிப் பின்னால் போனது. வலப்பக்கம் ஒரு பெண் சிரித்தாள். எங்கேயோ ஒரு குழந்தை என்னவோ கேட்க, யாரோ அதை அடக்கினார்கள். யாரோ எழுந்ததில் மடக்கு இருக்கை ஒன்று டப்பென்று மூடிக்கொண்டது. பின்னால் ஆட்கள் இருந்தார்கள்.

அக்கா மெல்லச் சுற்றி, பாடகிக்கு முதுகைக் காட்டியபடி கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த பாட்டு முழுவதையும் அப்படியேதான் கேட்டார். அது முடிந்து கைதட்டல் எழுந்ததும் கையைத் தூக்கி இடது பக்கம், சற்று மேலே காட்டினார்.

"அங்க ஒரு பால்கனி இருக்கு இல்ல?"

பொறியாளர் எழுந்தே நின்றுவிட்டார். "இருந்துச்சும்மா. அதுக்குக் கீழதான் மைக்கைத் தொங்கவிட்டிருந்தாங்க. பழைய போட்டோல பாத்திருக்கேன்."

அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது; வாய் சிரித்துக்கொண்டிருந்தது. மாமா ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, இல்லாத தூசியைத் துண்டால் துடைத்தார். கொழுந்தனார் மட்டும், சொன்ன சொல் தவறாமல், பின்னாலிருந்து பலமாகக் கைதட்டினார்.

"இருங்க, இன்னும் முடியல," என்றார் அக்கா. "பின்னாடி வலது பக்கம் ஒரு இழை தூக்கலா இருக்கு. அந்தப் பக்க ஜனங்க மட்டும் பக்கத்துல வந்து உக்காந்துட்டாங்க."

பொறியாளர் மடிக்கணினியைத் திறந்து அங்கேயே சரிசெய்தார். மறுபடி கேட்டார்கள், மறுபடி சரிசெய்தார்கள். மகள் இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள், இரண்டும் ஆறிப்போயின.

அந்தத் தட்டு வெளிவந்தபோது, எழுதியவர்கள் எல்லோரும் பாடகியைப் பற்றி எழுதிய அதே அளவு அந்த அரங்கத்தைப் பற்றியும் எழுதினார்கள். கச்சேரிக்கு நேரில் போயிருந்த ஒருவர், தன் மனைவியோடு பால்கனிக்குக் கீழே உட்கார்ந்திருந்ததாகவும், தட்டில் அந்த இடத்துக்கே போய் வந்ததாகவும் பத்திரிகைக்கு எழுதியிருந்தார். தாங்கள் செய்யும் ஒவ்வொரு சரவுண்ட் தட்டையும் அக்கா கேட்டுச் சொன்ன பிறகுதான் வெளியிடுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அட்டையின் பின்பக்கம் 'வீட்டில் கேட்டுப் பார்த்தவர்' என்று போட்டு, அக்காவின் முழுப்பெயர். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். இல்லை. இருந்தாலும் நான் ஒருமுறைக்கு நாலுமுறை படித்தேன்.

மாமா அந்தத் தட்டில் ஒன்றைத் தன் கருவிப் பையில் போட்டுக்கொண்டார். லிஃப்டைச் சரிசெய்து ஓட்டிப் பார்க்கும்போது உடன் ஏறுகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவார். மூடிய லிஃப்டுக்குள் அவர்கள் எங்கே ஓட முடியும்? பெரும்பாலானவர்கள் முன்பக்கப் பாடகியைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். மாமா அட்டையைத் திருப்பி, அடியில் இருக்கும் பொடி எழுத்தைக் காட்டி, "இது என் சம்சாரம்," என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை அடுத்த தட்டு வந்தது. நானும் போயிருந்தேன். அக்கா முதல் பாட்டிலிருந்து கடைசிவரை சுற்றிச் சுற்றிக் கேட்டுவிட்டுப் பொறியாளருக்குப் போன் போட்டார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. செல்லோ வாசிக்கறவர் மட்டும் கொஞ்சம் தள்ளி உக்காரட்டும். அப்புறம், மூணாவது பாட்டு நடுவுல வலது பக்கம் யாரோ மிட்டாய்க் காகிதம் பிரிக்கறாங்க. ரொம்ப நேரமா, சத்தம் வராம பிரிக்கணும்னு பாவம் பாடுபடறாங்க. அதை மட்டும் எடுத்துடாதீங்க."